கீவ் அரசி ஓல்கா: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கீவ் அரசி ஓல்காவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். திரெவ்லியர் என்ற ஸ்லாவிய இனத்தார் கணவர் இகோரைக் கொன்றது, ஓல்கா பழிவாங்கியது, சிறுவனாக இருந்த மகன் ஸ்வியாதோஸ்லாவுக்காக ஆட்சியை ஏற்றது, கிறித்தவத்துக்கு மாறியது ஆகியவை அதில் இருந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுக்க ஓல்காவுக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: வரி வாங்கப் போன அரசனைக் குடிமக்களே கொல்லும் அளவுக்கு அப்படி என்ன நடந்தது? (வரலாற்று ஆசிரியர், பாலக்கோடு)

பதில்: அந்தக் காலத்து வரிவசூல் நடந்த விதத்தைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். கீவ் அரசனுக்கு வரி அலுவலகமும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. நவம்பர் பிறந்ததும் தன் படைத்தோழர்களை அழைத்துக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்புவான். திரெவ்லியர், திரெகோவிச்சர், கிரிவிச்சர், செவெரியர் என்று ஒவ்வொரு இனத்தாரின் நாட்டிலும் தங்கி, குளிர்காலம் முழுக்க அவர்கள் போடும் சோற்றைத் தின்று, ஏப்ரலில் தினீப்பர் ஆற்றின் பனிக்கட்டி உருகிய பிறகு திரும்புவான். கான்ஸ்டாண்டினோப்பிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் 950-ஐ ஒட்டித் தன் மகனுக்காகத் தொகுத்த ஆட்சிக் கையேட்டில் இந்தச் சுற்றுப்பயணம் விவரமாக இருக்கிறது. போலுதியே என்பது அதன் பெயர்.

வசூலித்த பொருள்கள் பெரும்பாலும் தோல், தேன், மெழுகு. கணக்கு ஆள்வாரியாக இருக்காது. புகை எழும் அடுப்பு ஒன்றுக்கு இவ்வளவு, அல்லது ஏர் ஒன்றுக்கு இவ்வளவு. திரெவ்லியர்மீது முன்பு விதித்திருந்தது கறுப்பு மரநாய்த் தோல். இகோர் பட்டத்துக்கு வந்ததும் அதைக் கூட்டினார்.

945-இல் இகோரின் ஆட்கள் முணுமுணுத்தார்கள். தளபதி ஸ்வெனெல்தின் வீரர்களுக்கு ஆயுதமும் உடையும் இருக்கிறது, நாங்கள் அம்மணமாக நிற்கிறோம் என்றார்கள். இகோர் திரெவ்லியர் நாட்டுக்குப் போய் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு திரும்பினார். பாதி வழியில் ஆசை மீறியது. பெரும்பாலான வீரர்களைச் சரக்கோடு ஊருக்கு அனுப்பிவிட்டுச் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை கேட்கத் திரும்பிப் போனார். ஆட்டு மந்தையில் பழகிய ஓநாயைக் கொல்லாவிட்டால் மந்தையே மிஞ்சாது என்று திரெவ்லியரும் அவர்கள் அரசன் மாலும் முடிவு செய்தார்கள். இஸ்கோரொஸ்தென் கோட்டைக்கு அருகில் இகோர் கொல்லப்பட்டார். இன்று அந்த ஊர் உக்ரைனில் கோரொஸ்தென் என்ற பெயரில் இருக்கிறது.

ஆக, அளவுக்கு வரம்பில்லை, வாங்கியதற்குச் சாட்சியில்லை, திரும்பவும் வரமாட்டார்கள் என்பதற்கு உறுதியும் இல்லை. பிறகு ஓல்கா கைவைத்தது சரியாக இந்த மூன்று இடங்களில்தான். அதைக் கீழே வேறொரு கேள்வியில் விரிவாகச் சொல்கிறோம்.

கேள்வி: பழிவாங்கிய கதைகள் நான்கு சொல்கிறார்களே, எது உண்மை? (கல்லூரி மாணவி, அரூர்)

பதில்: நான்கையும் சொல்வது கீவில் 1110-களில் தொகுத்த நாளாகமம் என்ற ஆண்டுவாரி வரலாற்று நூல். சம்பவங்கள் நடந்தது 945, 946-இல். இடையே சுமார் 170 ஆண்டுகள். இன்று கையில் இருக்கும் மிகப் பழைய பிரதியோ 1377-இல் எழுதியது.

கதைகள் இவை. மாலுக்காகப் பெண் கேட்டு வந்த 20 பேரைப் படகோடு தூக்கிவந்து குழியில் தள்ளி உயிரோடு புதைக்கிறார்கள். அடுத்து வந்த தூதர்களை வெந்நீர்க் குளியலறையில் அடைத்துத் தீ வைக்கிறார்கள். இகோரின் கல்லறை மேட்டில் நடந்த நீத்தார் விருந்தில் குடித்து மயங்கிய 5000 பேரை வெட்டுகிறார்கள். கடைசியில் புறாக்களைக் கொண்டு கோட்டையை எரிக்கிறார்கள். முதல் மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: படகு, நீராட்டு, விருந்து. அக்காலத்துப் பெரிய மனிதரின் சாவுச் சடங்கில் இம்மூன்றும் உண்டு. தங்களுக்கு மரியாதை நடக்கிறது என்று நம்பித் திரெவ்லியர் ஏற்றுக்கொள்வது தங்கள் சொந்த ஈமக்கடனைத்தான். இவ்வளவு நேர்த்தியாக அடுக்கியது ஒரு தேர்ந்த கதைசொல்லியின் கை. 5000 என்ற எண்ணையும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கப் பார்க்காதீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை: இகோர் கொல்லப்பட்டார், 946-இல் கீவ் படை திரெவ்லியரை வென்றது, இஸ்கோரொஸ்தென் வீழ்ந்தது. மால் பெண் கேட்டதும் நம்பக்கூடியதே. விதவையை மணந்தால் வாரிசான சிறுவன் கைக்குள் வருவான், அவனோடு கீவும் வரும். போருக்குப் பின் திரெவ்லியருக்குச் சொந்த அரசன் இல்லை. 970-இல் அங்கே ஆளப் போனவர் ஓல்காவின் பேரன் ஒலெக்.

கேள்வி: நான் புறா வளர்ப்பவன். வீட்டுக்கு 3 புறா, 3 குருவி கப்பமாக வாங்கிக் காலில் நெருப்புக் கட்டிவிட்டு ஊரைக் கொளுத்தினார் என்பது நடக்கிற காரியமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: புறா தன் கூண்டுக்குத் திரும்பும், கூரை வைக்கோலாக இருந்தால் ஒரு பொறி போதும். இந்த இரண்டும் சரி. மற்றவை சரிப்படாது.

நாளாகமம் சொல்லும் முறை இது: கந்தகத் துண்டைச் சிறு துணியில் பொதிந்து, நூலால் காலில் கட்டி, இருட்டத் தொடங்கும் நேரத்தில் பறக்கவிடுவது. இருட்டில் புறா நெடுந்தூரம் பறக்காது, கிடைத்த மரத்தில் அமர்ந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். துணி சுடர்விட்டு எரிந்தால் காலும் அடிவயிற்றுச் சிறகும் கருகிப் பறவை சில கெஜத்தில் விழும். விழும் இடம் முற்றுகையிட்டவர்களின் கூடாரமாகவும் இருக்கலாம். வெறுமனே கனன்றால் சிறகுக் காற்றில் அணையும், அல்லது நூல் பொசுங்கிப் பொட்டலம் நடுவழியில் விழும். கந்தகம் சூட்டில் உருகிச் சொட்டும் பொருள், பொட்டலத்தில் நிலைக்காது. குருவியோ பிடித்து அடைத்தாலே மிரண்டுபோகும் பறவை. விட்டால் முதல் புதருக்குள் நுழைந்துகொள்ளும்.

இதே வழியில் நார்வே மன்னர் ஹரால்டு இளமையில் சிசிலியில் ஒரு கோட்டையைப் பிடித்ததாகவும் சொல்லப்படுகிறது. அந்த ஹரால்டு மணந்தது ஓல்காவின் கொள்ளுப்பேரன் யாரொஸ்லாவின் மகளை. வீரர்கள் ஊர் ஊராகச் சுமந்து திரிந்த கதை என்று கொள்வதே பொருத்தம். எந்தப் பறவையையும் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: கணவர் உயிரோடு இருந்தபோது ஓல்காவுக்கு ஏதாவது அதிகாரம் இருந்ததா? (காரிமங்கலம்)

பதில்: இருந்தது. 944-இல் கீவும் பைசாந்தியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் தூதர்கள் பட்டியல் இருக்கிறது. முதலில் இகோரின் தூதர், அடுத்து மகன் ஸ்வியாதோஸ்லாவின் தூதர், மூன்றாவதாக அரசி ஓல்காவின் தூதர். தனக்கென்று ஒருவரை வெளிநாட்டு அவைக்கு அனுப்பும் நிலையில் அப்போதே இருந்திருக்கிறார். கீவுக்கு வடக்கே விஷ்கோரொத் என்ற ஊரும் அவருக்குச் சொந்தமாக இருந்தது. கணவர் இறந்த மறுநாளே ஆட்சியைத் தூக்கி நிறுத்த முடிந்ததற்கு இந்த இரண்டும் அடித்தளம்.

கேள்வி: வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வரிமுறையைச் சீர்திருத்தினார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எதை, எப்படி மாற்றினார்? (கிருஷ்ணகிரி)

பதில்: ஓல்காவைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பழிவாங்கும் கதைகளின் சத்தத்தில் இது அமுங்கிப் போயிருப்பது எங்களுக்கு எப்போதும் வருத்தம்.

போர் முடிந்ததும் ஓல்கா மகனோடும் வீரர்களோடும் திரெவ்லியர் நாடு முழுவதும் சுற்றினார். போன இடமெல்லாம் இரண்டு விஷயங்களை நிறுவியதாக நாளாகமம் சொல்கிறது. ஒன்று விதிமுறை, மற்றொன்று இன்ன ஊர் இவ்வளவு தர வேண்டும் என்ற நிர்ணயம். விதித்த கப்பம் கனமானதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போகும் இடம் தெளிவு: மூன்றில் இரண்டு பங்கு கீவுக்கு, ஒரு பங்கு விஷ்கோரொதுக்கு. அதாவது இரண்டு பங்கு அரசுக் கருவூலத்துக்கும் படைக்கும், ஒரு பங்கு அரசியின் சொந்த நிர்வாகத்துக்கும் போனது.

947-இல் வடக்கே நோவ்கோரொத் பக்கம் போனார். அங்கே இரண்டு ஆறுகளைத் தேர்ந்தெடுத்தார். ம்ஸ்தா ஆற்றின் வழியே போனால் வோல்கா ஆற்றுப் பக்கம் இறங்கலாம். லூகா ஆறு பின்லாந்து வளைகுடாவில் கலக்கிறது. இரண்டும் தோல் வியாபாரத்தின் கழுத்து. அந்த ஆறுகளை ஒட்டி போகொஸ்த் என்ற வசூல் நிலையங்களை வைத்தார். வேட்டைக் காடுகளுக்கு அடையாளம் இட்டு எல்லை வகுத்தார். தினீப்பர், தெஸ்னா ஆற்றங்கரைகளில் பறவை பிடிக்கும் வலைகள் கட்டும் இடங்களும் அவர் பெயரில் இருந்தன.

முன்பு அரசன் சரக்கைத் தேடி வீடு வீடாகப் போனான். போகொஸ்த் வந்தபின் சரக்கு ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தது. வசூல் பார்த்தவரான உங்களுக்கு இதன் பலன் உடனே புலப்படும். ஊர்க்காரர்களுக்குத் தர வேண்டிய அளவு முன்கூட்டியே தெரியும். கொண்டுவந்து கொடுத்ததை நாலு பேர் பார்ப்பார்கள். கொடுத்த பிறகு இன்னொரு கூட்டம் வந்து மறுபடி கேட்டால் அது கொள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். அரசுக்கும் லாபம். தோலும் மெழுகும் ஆற்றங்கரையிலேயே சேர்ந்துகிடக்க, குளிர்காலத்தில் சறுக்குவண்டியிலும் பனி உருகியபின் படகிலும் கீவுக்கு ஏற்றலாம். படையைக் குளிர்காலம் முழுக்க ஊர்ச் சோற்றில் வைத்துச் சுற்ற வேண்டிய கட்டாயமும் குறையும். இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் இத்தனை படகு வேண்டும், இத்தனை வியாபாரிகளை அனுப்பலாம் என்று கணக்குப் போட முடியும்.

பழைய சுற்றுப்பயணம் ஒரே ஆண்டில் ஒழிந்துவிடவில்லை. ஏழாம் கான்ஸ்டன்டைன் அதை விவரித்து எழுதியதே ஓல்காவின் ஆட்சிக் காலத்தில்தான். நிலையம் வைத்த இடங்களில் மட்டும் புது முறை, மற்ற இடங்களில் பழைய முறை என்று இரண்டும் சேர்ந்தே ஓடியிருக்கின்றன. ஆனால் போகொஸ்த் நிலைத்துவிட்டது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய நோவ்கோரொத் நிலப் பதிவேடுகளில் ஊர்களைத் தொகுத்திருப்பது போகொஸ்த் வாரியாகத்தான். 500 ஆண்டு தாங்கிய வருவாய்ப் பிரிவு அது.

கேள்வி: கீவிலிருந்து கான்ஸ்டாண்டினோப்பிளுக்கு ஆற்றில் போனதாக எழுதியிருந்தீர்கள். வழியில் பாறையும் சுழலும் இருந்திருக்குமே? (ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரின் மகன், பென்னாகரம்)

பதில்: இருந்தன. தினீப்பரின் நடுப்பகுதியில் வரிசையாக ஏழு பாறைத் தடைகள். பரிசல் ஓட்டும் குடும்பத்துக்கு இந்தப் பதில் முழுமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால் முறையாகவே சொல்கிறோம். எல்லாம் அதே பேரரசரின் கையேட்டில் உள்ளவை.

படகு ஒரே மரத்தைக் குடைந்தது. குளிர்காலத்தில் காட்டு மக்கள் மரத்தை வெட்டிக் குடைந்து, பனி உருகியதும் பக்கத்து ஏரிகளில் இறக்கி, அங்கிருந்து தினீப்பர் வழியாகக் கீவுக்குக் கொண்டுவந்து வெறும் ஓடாக விற்பார்கள். வாங்கியவர்கள் தங்கள் பழைய படகுகளைப் பிரித்து, துடுப்பு, துடுப்பு மாட்டும் கட்டை முதலியவற்றைப் புது ஓட்டில் பூட்டிக்கொள்வார்கள். ஜூனில் கீவை விட்டுக் கிளம்பி, சற்றுக் கீழே வித்திச்செவ் என்ற ஊரில் இரண்டு மூன்று நாள் நின்று, எல்லாப் படகும் சேர்ந்த பிறகே ஒன்றாகப் புறப்படுவார்கள். தனிப் படகு போனால் பெச்செனெகர் என்ற குதிரைப்படை நாடோடிகளுக்கு இரையாகும்.

முதல் பாறைத் தடையில் ஆற்றின் நடுவே பாறைகள் தீவு போல நிற்கும், தண்ணீர் மோதிப் பெருஞ்சத்தத்தோடு விழும். நடுவே போக யாரும் துணிவதில்லை. கரையோரம் ஒதுங்கி ஆட்களை இறக்கிவிடுவார்கள், சரக்கு படகிலேயே இருக்கும். சிலர் உடையைக் களைந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவிப் பாறையில் இடிக்காமல் படகை நடத்துவார்கள். முனையில் சிலர், நடுவில் சிலர், பின்புறம் சிலர் கழி ஊன்றித் தள்ளுவார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் இதே மாதிரி.

நான்காவதுதான் பெரியது. அங்கே எல்லாப் படகும் கரையேற வேண்டும். ஒரு பிரிவு காவல் நிற்கும். மற்றவர்கள் சரக்கைச் சுமந்துகொண்டு, விற்பதற்குக் கொண்டுபோகும் அடிமைகளைச் சங்கிலியோடு நடத்திக்கொண்டு, 6 மைல் தரைவழி போவார்கள். படகைச் சில இடத்தில் இழுப்பார்கள், சில இடத்தில் தோளில் தூக்குவார்கள். நம்மூரில் பரிசலைக் கவிழ்த்து ஒரே ஆள் தலையில் வைத்துப் பாறைமேல் நடந்துவிடலாம். குடைமரப் படகுக்கு ஒரு கூட்டமே தோள்கொடுக்க வேண்டும், அந்த நேரத்தில் அத்தனை பேரின் கையும் ஆயுதம் இல்லாமல் இருக்கும். பெச்செனெகர் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். ஓல்காவின் மகன் ஸ்வியாதோஸ்லாவ் 972-இல் இந்தத் தடைகளின் அருகேதான் அவர்கள் கையில் மாண்டார்.

ஏழும் கடந்தால் ஒரு தீவு. அங்கே ஒரு பெரிய கருவாலி மரத்தடியில் சேவல் பலியிடுவார்கள். கழிமுகத் தீவில் இரண்டு மூன்று நாள் ஓய்வு. அங்குதான் பாய்மரமும் சுக்கானும் பூட்டுவார்கள். பிறகு கருங்கடல் கரையை ஒட்டியே பல்கேரியாவைத் தாண்டிப் பயணம். இந்த வழியில் ஓர் அரசி பெண்கள் கூட்டத்தோடு போய் வந்திருக்கிறார் என்பதை நினைத்தாலே மரியாதை கூடுகிறது.

கேள்வி: பைசாந்தியப் பேரரசர் ஓல்காவை மணக்க விரும்பினாராமே? அங்கே அவருக்கு என்ன கொடுத்தார்கள்? (வாசகி, ஓசூர்)

பதில்: மணக்கக் கேட்டது கதை. பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைனின் மனைவி ஹெலெனா அப்போது உயிரோடு இருந்தார், 961 வரை வாழ்ந்தார். ஞானஸ்நானம் கொடுத்த ஞானத்தகப்பன் அந்தப் பெண்ணை மணக்கக் கூடாது என்ற திருச்சபை விதியைக் காட்டி ஓல்கா தப்பினார் என்று நாளாகமம் அழகாக முடிக்கிறது. விதி உண்மை, சம்பவம் புனைவு. ஞானஸ்நானத்தில் ஓல்கா ஏற்ற பெயர் ஹெலெனா, பேரரசியின் பெயரேதான்.

கொடுத்தது என்ன என்பதற்கு அரண்மனைச் சடங்கு நூலே சாட்சி. செப்டம்பர் 9, புதன்கிழமை முதல் வரவேற்பு. கூட வந்தவர்கள் தரையில் விழுந்து வணங்க, ஓல்கா தலையை மட்டும் சற்றுத் தாழ்த்தினார். பேரரசர், பேரரசி, அவர்கள் பிள்ளைகள் இருந்த அறையில் உட்கார அனுமதி பெற்றுத் தான் சொல்ல வந்ததைச் சொன்னார். விருந்துக்குப் பின் கல் பதித்த பொற்கிண்ணத்தில் 500 மிலியரேசியன் வெள்ளிக்காசு தரப்பட்டது. 12 மிலியரேசியன் ஒரு பொற்காசு. பொற்காசின் எடை சுமார் 4.4 கிராம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 42 பொற்காசு, நம் கணக்கில் 23 பவுன் தங்கத்தின் மதிப்பு. கிண்ணம் தனி.

ஆனால் பட்டியலில் கீழே பாருங்கள். உடன்வந்த தூதர்கள் 20 பேருக்குத் தலைக்கு 12, வியாபாரிகள் 43 பேருக்கும் தலைக்கு 12. வியாபாரிகளுக்குப் போனது மொத்தம் 516, அரசிக்குக் கொடுத்ததைவிட அதிகம்! அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை நடந்த இரண்டாம் வரவேற்பில் ஓல்காவுக்கு 200, வியாபாரிகள் 44 பேருக்குத் தலைக்கு 6. இந்த எண்கள் பயணத்தின் நோக்கத்தைக் காட்டுகின்றன. 944 ஒப்பந்தப்படி ரூஸ் எனப்பட்ட கீவ் நாட்டு வியாபாரிகள் ஊருக்கு வெளியே புனித மாமாஸ் பகுதியில்தான் தங்கலாம். ஒரே வாசல் வழியாக, ஆயுதமில்லாமல், 50 பேருக்கு மேற்படாமல் நகருக்குள் வரலாம். 50 பொற்காசுக்கு மேல் பட்டு வாங்கக் கூடாது. இந்தக் கெடுபிடிகளோடு மல்லுக்கட்டும் வியாபாரிகளை 40 பேருக்கு மேல் அரசியே அழைத்துப் போனார் என்றால் சமயம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

கேள்வி: கான்ஸ்டாண்டினோப்பிள் பயணம் 946, 955, 957 என்று மூன்று விதமாகப் படித்தேன். தேர்வில் எதை எழுதுவது? (ஊத்தங்கரை)

பதில்: நாளாகமத்தில் இருப்பது உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் ஆண்டு: 6463. மார்ச் முதல் டிசம்பர் வரையிலான நிகழ்ச்சிக்கு 5508-ஐக் கழிக்க வேண்டும், ஜனவரி, பிப்ரவரிக்கு 5507-ஐ. இப்படி 955 வருகிறது. பைசாந்தியக் கணக்கில் ஆண்டு செப்டம்பரில் பிறக்கும் என்பதால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509-ஐக் கழிக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் ஓராண்டு தவறும். பல புத்தகங்களில் நடப்பது இதுதான்.

சடங்கு நூல் ஆண்டைச் சொல்லவில்லை, தேதியும் கிழமையும் மட்டும் சொல்கிறது. செப்டம்பர் 9 புதனாகவும் அக்டோபர் 18 ஞாயிறாகவும் வருவது 946-இலும் 957-இலும். ஆகவே 955 அடிபடுகிறது. அறிஞர்கள் மற்ற இரண்டில் பிரிந்து நிற்கிறார்கள். எங்கள் சாய்வு 957 பக்கம். 946 திரெவ்லியப் போர் நடந்த ஆண்டு. சிறுவனை விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஊரைப் பிரிய அது நேரமில்லை. "957 (சிலர் கருத்தில் 946)" என்று எழுதுங்கள்.

கேள்வி: கான்ஸ்டாண்டினோப்பிளில் ஞானஸ்நானம் பெற்றவர் ஜெர்மன் அரசரிடம் பாதிரியார் கேட்டது ஏன்? (தேன்கனிக்கோட்டை)

பதில்: யாருக்கும் கட்டுப்படாமல் இருக்க. 959-இல் ஓல்காவின் தூதர்கள் முதலாம் ஓட்டோவிடம் போய் ஆயரும் குருக்களும் கேட்டார்கள். தேர்ந்தெடுத்த லிபூத்தியஸ் கிளம்பும் முன்பே 961-இல் இறந்தார். பதிலுக்கு அனுப்பிய அடல்பெர்ட் 962-இல் வேலை பலிக்காமல் திரும்பினார், வழியில் அவர் ஆட்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். தாமதமே இதைக் கெடுத்தது. அடல்பெர்ட் வந்து சேர்ந்தபோது மகன் வளர்ந்துவிட்டார், அவருக்கும் வீரர்களுக்கும் பழைய தெய்வங்களே போதும்.

கேள்வி: அதே காலத்தில் நம் பக்கம் இப்படி ஓர் அரசி உண்டா? (தருமபுரி)

பதில்: செம்பியன் மாதேவியைச் சொல்லலாம். கணவர் கண்டராதித்த சோழர் 957-ஐ ஒட்டி மறைந்தார். கைக்குழந்தையோடு விதவையான மாதேவி, அதன்பின் பல பதிற்றாண்டுகள் செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கி, நிவந்தங்களைக் கல்லில் வெட்டுவித்தார். ஓல்கா ஆட்சியை ஏற்ற சில ஆண்டுகளில், 949-இல், தக்கோலத்தில் சோழர் தோற்றார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் நுளம்பர் ஆண்ட நிலம். ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். மாதேவியின் கொடைகளை அவர் காலத்துக் கல்லிலேயே படிக்கலாம். ஓல்காவின் ஆணை ஒன்றுகூட அவர் காலத்து எழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. அயலார் குறிப்பையும் பின்னாள் நாளாகமத்தையும் ஒட்டவைத்தே அவரைப் பார்க்கிறோம்.

கேள்வி: மகன் மதம் மாறவில்லை, பேரன் மாறினார். இதில் ஓல்காவின் பங்கு என்ன? (பாப்பிரெட்டிப்பட்டி)

பதில்: என் வீரர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லி ஸ்வியாதோஸ்லாவ் மறுத்துவிட்டார். ஓல்கா பலமுறை வற்புறுத்தியும் அவர் கேட்கவில்லை, ஆனால் மாற விரும்பிய மற்றவர்களை அவர் தடுக்கவில்லை. மகன் தூரதேசப் போர்களில் இருந்தபோது கீவையும் பேரப்பிள்ளைகள் யாரொபொல்க், ஒலெக், விளாதிமிர் மூவரையும் பார்த்துக்கொண்டவர் பாட்டிதான். விளாதிமிரின் தாய் மாலூஷா ஓல்காவின் வீட்டுச் சாவி பொறுப்பில் இருந்தவர்.

968-இல் பெச்செனெகர் கீவை வளைத்துக்கொண்டபோது மகன் தன்யூப் கரையில் இருந்தார். நகருக்குள் பாட்டியும் பேரன்களும் பசியும் தாகமும் பட்டார்கள். எதிரியின் மொழி தெரிந்த ஒரு சிறுவன் கையில் கடிவாளத்தோடு, என் குதிரையைக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டே முகாமைக் கடந்து ஆற்றில் குதித்துச் செய்தி சொன்னான். மீட்புப் படை வந்தது. மகன் திரும்பி வந்தும் தன்யூபுக்கே போகப் போகிறேன் என்றார். நான் நோயாளி, என்னைப் புதைத்துவிட்டு எங்கு வேண்டுமானாலும் போ என்றார் ஓல்கா. 969 ஜூலை 11-இல் இறந்தார். பழைய முறை நீத்தார் விருந்து வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார், குருவே அடக்கம் செய்தார்.

விளாதிமிர் 988-இல் மதம் மாறுவதற்கு முன் அவையோர் சொன்ன வாதத்தை நாளாகமம் தருகிறது: கிரேக்கர் நெறி கெட்டதாக இருந்தால், எல்லோரிலும் அறிவில் மிஞ்சிய உன் பாட்டி ஓல்கா அதை ஏற்றிருக்க மாட்டார். பின்னர் கட்டிய கல் தேவாலயத்துக்கு, 996-இல் நிறைவுபெற்ற பத்திலொன்று ஆலயத்துக்கு, பாட்டியின் எச்சங்களையும் கொண்டுவந்தார்.

கேள்வி: பள்ளி ஆண்டுவிழாவில் ஓல்கா நாடகம் போடுகிறோம். உடை, பொருள்களில் தவறு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? (பள்ளி ஆசிரியை, பர்கூர்)

பதில்: முதலில் பின்திரையில் வெங்காய வடிவக் கோபுரங்களை வரையாதீர்கள், அவை பல நூற்றாண்டு பிந்தியவை. மரச் சுவர், மண் அரண், ஆறு, படகு போதும். "ரஷ்யப் பேரரசி" என்று அறிவிக்கவும் வேண்டாம். கீவ் அரசி என்றால் சரி.

உடைக்கு உள்ளே வெள்ளை லினன் சட்டை போன்ற நீண்ட அங்கி, மேலே கம்பளித் துணி. விதவையும் தாயுமான ஓல்காவின் தலைமுடி துணியால் மூடியிருக்க வேண்டும். விரித்த கூந்தலும் உயரமான பொன்முடியும் பொருந்தாது. கழுத்தில் கண்ணாடி மணிமாலை போடலாம். வீரர்களுக்குக் கோடரியும் ஈட்டியும் வட்டக் கேடயமும். வரிக்காட்சியில் நாணய மூட்டை வைக்காமல் தோல் கட்டு, தேன் குடம், மெழுகுக் கட்டி வையுங்கள். வெள்ளிக்காசு காட்ட வேண்டுமென்றால் அரபு திர்ஹம்களைத் தராசில் நிறுப்பதாகக் காட்டுங்கள். வெட்டிய துண்டுகளையும் நிறுத்தே வாங்கினார்கள். விருந்தில் கம்பு ரொட்டிபோலத் தோன்றும் கரிய ரொட்டி, தினைக் கஞ்சி, மீன், இறைச்சி, தேன்மது இருக்கலாம். உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்தவை, தேநீரும் அங்கே வெகுகாலம் கழித்தே வந்தது. நான்கையும் மேடையில் ஏற்றாதீர்கள்.

போர்க்காட்சிக்குச் சின்னப் பையன் ஒருவன் கட்டாயம் வேண்டும். போரைத் தொடங்கி வைத்தது சிறுவன் ஸ்வியாதோஸ்லாவ். அவன் எறிந்த ஈட்டி குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே போய் அதன் காலடியிலேயே விழுந்தது. பக்கத்தில் நின்ற தளபதி ஸ்வெனெல்தும் வளர்ப்பாசான் அஸ்முத்தும், "இளவரசர் தொடங்கிவிட்டார், பின்தொடருங்கள்" என்று படையைப் பார்த்துச் சொன்னார்கள். இந்த வசனத்தைப் பெரிய மாணவர்கள் இருவருக்குக் கொடுங்கள். பையன் ஈட்டியைத் தூரமாக எறியப் பழக வேண்டியதில்லை.